கடைசி பெஞ்சுக்கு நடத்திய பாடம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற நண்பர்களே, எஃப்.டி.பி. என்று நாம் சுருக்கிச் சொல்கிற ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று என்னிடம் கேட்டீர்கள். நாலு முறை விண்ணப்பித்து நாலு முறையும் நிராகரிக்கப்பட்டவனிடம் போய்க் கேட்கத் தோன்றியதே, அதிலேயே உங்கள் எதிர்காலம் எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன். போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டதால் நேரம் நிறைய இருக்கிறது. விருப்பம் என்னுடையது அல்ல, என் முழங்காலுடையது. மலையேறி இறங்கி, அது எனக்கு முன்பே பணிக்காலத்தை முடித்துக்கொண்டது.

படிவத்தில் பெயர், பிறந்த தேதி, முதல்வரின் கையெழுத்து எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் பேசப்போவது ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி. 'உங்கள் கற்பித்தலில் நீங்கள் உணரும் முக்கியக் குறை எது?' என்று கேட்டுவிட்டு, கீழே நாலு வரி இடம் விட்டிருப்பார்கள். அந்த நாலு வரியில் நாம் எல்லாரும் பொய் எழுதுவோம். பெண் கேட்டுப் போன இடத்தில் மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா என்றால், 'வேலை வேலைன்னு உடம்பைப் பாத்துக்க மாட்டான்' என்று சொல்வார்களே, அந்த வகைப் பொய். முதல் தடவை 'நேரம் போதவில்லை' என்று எழுதினேன். அடுத்த தடவை 'கரும்பலகை சொரசொரப்பு.' மூன்றாம் தடவை 'மாணவர்கள் வாயே திறப்பதில்லை.' நாலாம் தடவை மூன்றையும் சேர்த்து எழுதினேன், ஏதாவது ஒன்று பலிக்கும் என்று.

ஐந்தாம் தடவைதான் உண்மையை எழுதினேன். எழுத வைத்தது நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயம்.

நான் இருந்தது ஜவ்வாது மலைமேல் ஒரு சின்னக் கல்லூரி. அதில் கணிதத் துறை என்பது நான், ஒரு பீரோ, பீரோவுக்குள் ஒரு எலி. அந்த வருடம் மேலே இருந்து ஒரு கடிதம் வந்தது. கணிதத்தில் தேர்ச்சி மோசமாக இருக்கிறது. துறை ஆசிரியர் ஒருவராவது இந்த ஆண்டு பயிற்சிக்குத் தேர்வாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டிலிருந்து மலையில் கணிதச் சேர்க்கை கிடையாது. விரும்புகிறவர்கள் திருப்பத்தூருக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

'விரும்புகிறவர்கள்' என்று எழுதிய அதிகாரி மலைப் பாதையில் மழையில் பஸ்ஸுக்கு நின்றதில்லை என்று நினைக்கிறேன். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். சாமைக் கொல்லையில் அறுப்பு நாளில் வேலையை முடித்துவிட்டு, ஐந்தாறு மைல் நடந்து வருகிறவர்கள். அவர்கள் எப்படியோ முடித்துவிடுவார்கள். அவர்களுடைய தங்கைகளிடம் திருப்பத்தூருக்குப் போய்ப் படி என்று சொன்னால், அந்த வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டோடு இரு.

துறையில் ஆசிரியர் என்று இருந்தது நான் ஒருவன். எலி விண்ணப்பிக்க முடியாது.

அந்த வருடம் விண்ணப்பத்தோடு புதிதாக ஒன்று கேட்டிருந்தார்கள். நாற்பது நிமிட வகுப்பை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. நான் வியாழக்கிழமை காலையில்தான் விழித்துக்கொண்டேன். கடைசி நேரத்தில் செய்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். முதல் நேரத்தில் வேலை செய்யுமா என்று இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை.

கணினித் துறையில் இருந்த பரிமளா மேடம்தான் கை கொடுத்தார். சந்தவாசலில் இருந்து பஸ் ஏறி வருகிறவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நாக்கு மட்டும் என்னைவிட மூத்தது. தன் போனைக் கொண்டுவந்து, கரும்பலகையும் மாணவர்களும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி முன் மூலையில் அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் ஆண்டு வகுப்பு. காலை பதினோரு மணி. கார்த்திகை மாதத்தில் அங்கே பதினோரு மணிக்கும் பனிமூட்டம் விலகாது. ஜன்னல் வழியாக உள்ளே வந்து, இடம் தேடுகிற மாதிரி பெஞ்சுகளுக்கு நடுவில் நிற்கும். நான் நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன். பிள்ளைகள் டக் டக்கென்று பதில் சொன்னார்கள். இந்தத் தடவை நம்மைத் தேர்வு செய்யாமல் விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே ஆசிரியர் அறைக்கு வந்தேன்.

பரிமளா மேடத்தின் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம். முதல் சில நிமிடங்களில் என் தொப்பையைத் தவிர பயப்பட ஒன்றும் இல்லை. பிறகு அவர் வீடியோவை நிறுத்தினார்.

"சார், யார்கிட்ட பேசிக்கினு இருக்கீங்க?"

"பசங்ககிட்டதான் மேடம். பின்ன சுவத்துகிட்டயா?"

"அப்படித்தான் சார் தெரியுது."

திரும்பப் போட்டார். திரையில் முப்பது முப்பத்தைந்து தலைகள், எல்லாம் குனிந்தவை. அந்தத் தலைகளுக்கு மேலே என் பார்வை போகிறது. போய், ஜன்னலோரம் கடைசி பெஞ்சில் நிற்கிறது. அந்த பெஞ்சில் யாரும் இல்லை. நான் அதைப் பார்த்து, "அடுத்த வரி என்ன வரும்?" என்று கேட்கிறேன். காத்திருக்கிறேன். முகம் மலர்கிறது. "சரி," என்கிறேன். திரும்பி எழுதுகிறேன். மறுபடி கேள்வி, மறுபடி காலி பெஞ்சு, மறுபடி "சரி." பக்கத்து சீட்டில் ஒருவர் போன் பேசினால் நமக்கு ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்குமே, அந்த மாதிரி இருந்தது. ஆனால் என் கையில் போன் இல்லை.

பதினேழாவது நிமிடத்தில் கரும்பலகையில் ஒரு குறியைத் தப்பாகப் போடுகிறேன். கூட்டல். எழுதிக்கொண்டே போனவன் சட்டென்று நிற்கிறேன். திரும்பி அந்த பெஞ்சைப் பார்க்கிறேன். தலையைச் சாய்த்துக் கவனிக்கிறேன்.

"ஆமாம்மா, கழித்தல் வரணும்," என்று சொல்லி அழித்துத் திருத்துகிறேன்.

பரிமளா மேடம் நாற்காலியை மெதுவாகப் பின்னால் நகர்த்திக்கொண்டார். மடிக்கணினியிடம் இருந்து அல்ல, என்னிடம் இருந்து.

"யாரு சார் அந்த 'அம்மா'?"

எனக்குப் பயம் வரும்போது முதலில் ஜோக் வரும், அப்புறம் வியர்வை, கடைசியில்தான் பயம் வந்து சேரும். "மாரியம்மாவா இருக்கும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. வியர்த்தது. "மேடம், சத்தியமா பசங்க பதில் சொன்னாங்க. என் காதுல கேட்டுது," என்றேன்.

"ஒருத்தரும் வாயத் தொறக்கல சார். நீங்களே பாருங்க."

அந்த நேரம் பார்த்து அறையைப் பெருக்க முனியம்மா அக்கா வந்தார். மலைக்காரர். கல்லூரி தொடங்கிய நாளில் இருந்து துப்புரவு வேலையில் இருக்கிறவர், கல்லூரியில் முதல்வரையும் சேர்த்து எல்லாரையும் அதட்டுகிறவர்.

"இன்னா சார், மொகம் வெளுத்துப் போய்க் கீது?"

"ஒண்ணுமில்லக்கா. நம்ம கணக்கு கிளாஸ்ல ஜன்னலோரம் கடைசி பெஞ்சு இருக்கில்ல, அதுல யாரு உக்காருவாங்க?"

"அது அந்தப் பொண்ணு எடமாச்சே சார்."

"எந்தப் பொண்ணு?"

"என்னியக் கேட்டா? நீங்கதான தெனம் பேசிக்கினு கீறீங்க!" என்றார் அக்கா, துடைப்பத்தை ஊன்றி நின்று. "புள்ளைங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். அத்த மட்டும் ரெண்டு தபா தொடைக்கிறேன். இல்லன்னா புள்ளைங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குதுங்க."

மூன்று பேருமாகப் போய்ப் பார்த்தோம். பட்டப்பகல், மதியம் பன்னிரண்டரை. பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். மற்ற பெஞ்சுகளில் எல்லாம் காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள், இதயங்கள், அம்புகள், ஒன்றில் என் தொப்பை. அந்தக் கடைசி பெஞ்சில் ஒரு கீறல் இல்லை. கீழே புத்தகம் வைக்கிற பலகையில் ஒரு தாள் அடுக்கு இருந்தது. காற்றில் பறக்காமல் மேலே ஒரு கூழாங்கல். எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நான் வகுப்பில் கொடுத்த பயிற்சித் தாள்கள். போன வருடத்தில் கொடுத்ததும் இருந்தது. ஒன்றிலும் யாரும் எழுதவில்லை.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த வகுப்பில் எப்போது தாள் கொடுத்தாலும் ஒன்று குறையும். எண்ணித்தான் கொண்டுபோவேன், ஆனாலும் குறையும். நகல் எடுக்கிற இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றரை வருடமாக.

"அத்தோட தாளு அத்துக்கு வெக்கணும்ல," என்றார் முனியம்மா அக்கா, ஒன்றும் இல்லாத விஷயம் மாதிரி.

முதல்வரிடம் போய் வீடியோவைக் காட்டினோம். நல்ல மனிதர். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கிற எல்லாரையும் போல, பேய் பிசாசு எதுவாக இருந்தாலும் ஆறாவது மாதத்தில் வரட்டும் என்கிற கொள்கை உடையவர். "இத அனுப்பினா துறையை மட்டும் இல்லைய்யா, உம்மையும் சேத்து மூடிருவாங்க," என்றார். "நாளைக்குக் காலையில வேற ஒண்ணு எடுங்க. கணினித் துறையில நாலு வாயாடிப் பசங்க இருக்காங்க, கூப்பிட்டு முன்னால உக்கார வையுங்க. பதிலை முன்கூட்டியே சொல்லிக் குடுத்துருங்க. அந்தக் கடைசி பெஞ்சுல யாரையாவது உக்கார வெச்சிட்டா விஷயம் முடிஞ்சுது."

வெள்ளிக்கிழமை காலை அப்படியே செய்தோம். ஒன்றைத் தவிர. அந்த பெஞ்சில் உட்கார ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. "யாராச்சும் போய் உக்காருங்கப்பா," என்றேன். தலைகள் குனிந்தன. அதட்டினேன். இன்னும் குனிந்தன. நடுவில் இருந்து ஒரு குரல் மட்டும், மிகப் பணிவாக, "அவங்க இருக்காங்களே சார்," என்றது. சரி, மூட நம்பிக்கையை ஒழிப்பதும் ஆசிரியர் கடமை, நானே போய் உட்கார்ந்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். மூன்றாவது எட்டில் முழங்கால் வலித்தது. மிகவும் புத்திசாலியான முழங்கால். திரும்பி வந்துவிட்டேன்.

ஆனாலும் வீடியோ பிரமாதமாக வந்தது. வாயாடிப் பசங்க கேள்வி முடிவதற்கு முன்பே பதில் சொன்னார்கள். நாற்பது நிமிடமும் நான் பின்பக்கம் பார்க்கவே இல்லை. பேச்சு விட்டுப்போன பங்காளி உட்கார்ந்திருக்கிற பக்கம் கல்யாண வீட்டில் எப்படிப் பார்க்காமல் இருப்போமோ, அப்படி. கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம், பார்க்காத அந்தப் பக்கம் இருந்து பார்வை ஒன்று பிடரியில் படுகிற மாதிரியே இருந்தது. நான் சொல்வது பிடரியின் கருத்து மட்டும்தான்.

கல்லூரியில் சிக்னல் கிடையாது. இரண்டு கிலோமீட்டர் கீழே, புளியமரங்கள் நிற்கிற ஒரு வளைவில்தான் கிடைக்கும். ஊரில் யாருக்கு யாரிடம் பேச வேண்டுமானாலும் அங்கேதான் வருவார்கள். மூன்றரை மணிக்கு நானும் பரிமளா மேடமும் போனபோது பனி கீழிருந்து ஏறிவந்து பள்ளத்தாக்கை மூடியிருந்தது. ஏழெட்டுப் பேர் ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று, எதிரே ஒன்றும் தெரியாத வெள்ளையைப் பார்த்து, "சாப்டியா? புள்ளைக்கு சொரம் வுட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் நிறுத்தித் தலையாட்டினார்கள். வேறு நாளாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். அன்றைக்கு ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

பரிமளா மேடம் மடிக்கணினியைத் திறந்து பாறைமேல் வைத்தார். உடனே அனுப்புவார் என்று பார்த்தால், கைப்பையில் இருந்து இயர்போனை எடுத்து நீட்டினார்.

"நேத்து எடுத்தத பஸ்ல வர்றப்ப கேட்டுக்கினு வந்தேன் சார். சத்தத்த முழுசா ஏத்திட்டுக் கேளுங்க. அந்தப் பதினேழாவது நிமிஷம்."

மாட்டிக்கொண்டேன். சுண்ணாம்புக்கட்டி தேய்கிற சத்தம். யாரோ பெஞ்சில் அசைகிற சத்தம். என் சத்தம் நிற்கிறது. அந்த இடைவெளியில், மூச்சை விடக் கொஞ்சம்தான் பெரிதாக, ஒரு பெண் குரல்.

"...கழித்தல் சார்..."

மடிக்கணினியோடு பள்ளத்தாக்கில் விழாமல் இருந்ததற்கு பரிமளா மேடம் என் சட்டையைப் பிடித்திருந்ததுதான் காரணம். மறுபடி கேட்டேன். மறுபடி இருந்தது. முன்னால் ஓட்டிப் பார்த்தேன். நான் கேள்வி கேட்ட ஒவ்வொரு இடத்திலும் இருந்தது. ஒரு குரல் மட்டும் அல்ல. அந்தப் பெண் குரல்தான் அதிகம். வேறு இரண்டு மூன்றும் உண்டு. எல்லாம் பெஞ்சுப் பலகையிடம் சொல்கிற மாதிரி, கீழே பார்த்து, மெல்ல.

"இது யாரு சார்?" என்றார் பரிமளா மேடம்.

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் வரவில்லை. ஒன்றரை வருடம் தினமும் அவர்கள் முன்னால் நின்றிருக்கிறேன். வருகைப்பதிவில் எல்லார் பெயரும் என் கையெழுத்தில் இருக்கிறது. ஒருத்தருடைய குரல்கூட எனக்குத் தெரியாது. தோழர்களே, கூழாங்கல்லைப் பார்த்தபோது வந்தது வெறும் நடுக்கம். உண்மையான பயம் எனக்கு அந்த இடத்தில்தான் வந்தது. இந்தத் தடவை ஜோக் வரவில்லை.

புளியமரத்தடியில் நாலு மணி பஸ்ஸுக்கு எங்கள் பிள்ளைகள் சிலர் நின்றிருந்தார்கள். அதில் ஒரு பெண்ணின் பெயர் வெண்ணிலா. இரண்டாவது வரிசை. அந்தப் பருவத்துக்கான என் குறிப்பில் அவள் பெயருக்கு நேரே 'வகுப்பில் பங்கேற்பு இல்லை' என்று எழுதியிருந்தேன். குரல் யாருடையது என்று சொல்ல வகுப்புப் பிள்ளை ஒருத்தி வேண்டுமே என்று, பக்கத்தில் நின்ற அவளைப் பரிமளா மேடம் கையசைத்துக் கூப்பிட்டார். வந்தாள். காதில் மாட்டிக் கேட்க வைத்தோம். கேட்டதும் அவள் முகம் சுருங்கியது.

"நான்தான் சார். தப்புங்களா?"

"தப்பெல்லாம் இல்லம்மா. சத்தமா சொல்றதுக்கு இன்னா?"

"பெரியவங்க பேசறப்ப மூஞ்சியப் பாத்து எதிர்ல பேசக் கூடாதுன்னு வூட்ல சொல்லுவாங்க சார். அதான் மெதுவா சொன்னேன். நீங்க அவங்களப் பாத்து 'சரி'ன்னு சொல்லிட்டீங்க."

"எப்பத்துல இருந்து?"

"மொத வருசத்துல இருந்தே சார்."

"நான்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் இயர்போனைக் கழற்றிப் பரிமளா மேடத்திடம் நீட்டினாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் சார். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துட்டுது. நான்தான் சொல்றனா, இல்ல அவங்க சொல்றது காதுல வுழுந்து நான் திருப்பிச் சொல்றனான்னு."

பரிமளா மேடம் என் சட்டையை மறுபடி பிடித்தார். இந்தத் தடவை என்னைக் காப்பாற்ற அல்ல.

இதற்கு மேல் விளக்கம் வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது. முதன்முதலில் நான் கீழே சமவெளியில் வேலைக்குச் சேர்ந்தபோது, கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்து நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். புரிந்து ஆட்டினாரா, தூங்கி விழுந்தாரா தெரியாது. அந்தத் தலையாட்டலை நம்பித்தான் பிழைப்பு ஓடியது. மலைக்கு வந்ததும் குனிந்த தலைகளாக இருந்தன. குனியாத முகம் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது போலிருக்கிறது. காலியாக இருந்த இடத்தில் வைத்துக்கொண்டேன். நான் பார்த்ததைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்தார்கள். பிள்ளைகள் விட்டுவைத்த இடத்தைப் பார்த்து நான் பயந்தேன். இந்த விளக்கம் பகலில் நன்றாகவே வேலை செய்கிறது.

மணி நாலரை. பஸ் வரவில்லை. எங்கள் முன்னால் இரண்டு வீடியோக்கள். ஒன்றில் சுறுசுறுப்பான வகுப்பு. இன்னொன்றில் ஒரு பைத்தியக்காரன் காற்றோடு கணக்குப் போடுகிறான். முதலாவதை அனுப்பினால் தேர்வாக வாய்ப்பு உண்டு, கணிதம் மலையில் இருக்கும். இரண்டாவதை அனுப்பினால் சிரிப்பார்கள், துறை போகும். வெண்ணிலாவின் தங்கை பன்னிரண்டாவது படிக்கிறாள், கணக்குதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள் என்று அதற்குள் பரிமளா மேடம் கேட்டு வாங்கியிருந்தார். அதையும் கேட்டுவிட்டு எந்தப் பொத்தானை அமுக்குவது?

"இந்தாம்மா," என்றேன் வெண்ணிலாவிடம். "காலையில எடுத்தது நல்லா வந்திருக்கு. அதையே அனுப்பிடலாம்னு இருக்கேன். உன் தங்கச்சிக்காகத்தான்."

"அதுல யாரு சார் பதில் சொல்றாங்க?"

"கம்ப்யூட்டர் பசங்க."

"அப்ப அடுத்த வருசம் அவங்கதான் எங்க கணக்கப் படிப்பாங்களா சார்?"

இதைச் சொல்லும்போது தலை நிமிர்ந்துதான் சொன்னாள். என் மூஞ்சியைப் பார்த்து, எதிரில் நின்று. சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்து குனிந்துகொண்டாள்.

படிவத்தில் குறையைக் கேட்ட அந்த நாலு வரிக் கட்டத்துக்குள் நான் எழுதினேன்: 'என் மாணவர்கள் பதில் சொல்கிறார்கள். நான் அவர்களைப் பார்ப்பதில்லை. அவர்கள் சொன்னதையெல்லாம் ஓர் ஆளில்லாத பெஞ்சு சொன்னதாக எடுத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். பதினேழாவது நிமிடத்தில் என் தவறைத் திருத்துவது மாணவி வெண்ணிலா. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கவும். பதில் சொல்பவரைப் பார்ப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுங்கள்.'

பரிமளா மேடம் படித்துப் பார்த்தார். "இதப் படிச்சா பயிற்சிக்கு அனுப்ப மாட்டாங்க சார். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க."

"அதுவும் ஒரு மேம்பாடுதான் மேடம். போடுங்க."

வியாழக்கிழமை வீடியோ மெதுவாக ஏறியது. பாதியில் நின்றது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பாறைமேல் ஏறினேன். முழங்கால் அப்போது வலிக்கவில்லை. ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. முதல்வரிடம் திங்கட்கிழமைதான் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்து மாதத்தை எண்ணினார்.

அதே திங்கட்கிழமை வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, இரண்டாவது வரிசையைப் பார்த்து நின்றேன். யாரும் பேசவில்லை. பின்பக்கம் பார்க்கச் சொல்லிக் கண் கெஞ்சியது. பார்க்கவில்லை. நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். நாமே பதில் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று இருக்கும். கடைசியில் முணுமுணுப்பாக ஒரு பதில் வந்தது. "யாரு?" என்றேன். பெயர் வந்தது. கரும்பலகையில் அந்த வரிக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினேன். அதற்கு அடுத்த வரிக்கு இன்னொரு பெயர். ஒரு மாதத்தில் தலைகள் நிமிர்ந்துவிட்டன என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சத்தம் கொஞ்சம் கூடியது. தாள் இன்னும் ஒன்று குறைந்துகொண்டுதான் இருந்தது. ஒன்று அதிகமாக எடுத்துப்போகப் பழகிக்கொண்டேன். எதற்கு வம்பு.

தேர்வுப் பட்டியலில் என் பெயர் கடைசிக்கு முந்தியது. எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திருத்திவிடுவார்களோ என்று பயம். மலையில் கணிதம் நிற்கவில்லை. அடுத்த ஜூனில் வெண்ணிலாவின் தங்கை வந்து சேர்ந்தாள். அக்காவைப் போல் இல்லை, வகுப்பில் வாயை மூட வைப்பதுதான் கஷ்டம்.

பயிற்சிக்குப் போன முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன். பெரிய நகரத்தில் குளிரூட்டிய அரங்கம். பல ஊர்க் கல்லூரிகளில் இருந்து வந்த நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பயிற்சி கொடுத்தவர் ஓர் இளம் பெண், கெட்டிக்காரர். ஒரு கேள்வி கேட்டார். எல்லாரும் குனிந்து குறிப்பேட்டைப் பார்த்தோம். எனக்குப் பதில் தெரியும். மேசையிடம் மெதுவாகச் சொன்னேன்.

"ரொம்ப சரி," என்றார் அவர். என்னைப் பார்த்து அல்ல. எங்கள் எல்லார் தலைக்கும் மேலே, பின்னால் எங்கோ.

அடுத்த கேள்விக்கு என் பக்கத்தில் இருந்த பேராசிரியர் முணுமுணுத்தார். பயிற்சியாளர் மறுபடி பின்னால் பார்த்து முகம் மலர்ந்தார். "அதேதான்," என்றார். குளிர்சாதனக் காற்று என் பிடரியில் பட்டது. குளிர்சாதனம் என் முன்னால் இருந்தது.

எழுந்து நின்றேன். முழங்கால் அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டது.

"மேடம், மொத பதில் சொன்னது நான்தாங்க. இப்பச் சொன்னது இவரு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பின்னால் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பரிமளா மேடத்தின் மடிக்கணினியில் என் வீடியோவைப் பார்த்த அன்று என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். முப்பது பேராசிரியர்களும் திரும்பி, கடைசி வரிசையில் என்ன என்று பார்த்தார்கள். நான் திரும்பவில்லை.

"அடுத்த கேள்வி கேளுங்க மேடம்," என்றேன். "எங்களப் பாத்துக் கேளுங்க. இந்தத் தடவ சத்தமா சொல்றோம்."